முதிய நாயின் பசி



இந்த மண்டபத்தின் படியேறி வரும்போது பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றி நிறுத்தி, "சார், எங்க வீட்டு நாய்க்குப் பதிமூணு வயசு. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடலை. என்ன குடுத்தா சாப்பிடும்?" என்று வினவினார். கூட்டம் தொடங்கும் நேரமாகிவிட்டபடியால் அவருக்கு நான் விடை சொல்லவில்லை. இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இன்று பேசுவதற்காக நான் எழுதி வந்திருக்கும் குறிப்புகள் யாவும் அவருடைய வினாவைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஆனால் அந்த வினாவைச் சற்றே பின்னுக்குத் தள்ளிவைக்க அவர் எனக்கு அனுமதி தரவேண்டும். 'என்ன கொடுத்தால் உண்ணும்' என்பது இரண்டாவது வினா. 'ஏன் உண்ணவில்லை' என்பது முதல் வினா. முதலாவதைத் தாண்டி இரண்டாவதை நோக்கி ஓடியதால் நான் பட்ட அவஸ்தையே இச்சொற்பொழிவுக்கு மூலதனம்.

நான் கால்நடை வைத்தியன் அல்லன். சென்னையில் 1903-ஆம் ஆண்டிலே தோன்றி, வேப்பேரியில் இன்றளவும் சிறப்புற நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தாழ்வாரத்தில், நோயுற்ற பிராணியைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு முறைக்குக் காத்திருந்த பலருள் ஒருவன் என்பதைத் தவிர, அந்தச் சாஸ்திரத்தோடு எனக்கு வேறு சம்பந்தம் இல்லை. எங்கள் வீட்டில் 14 ஆண்டுகளும் சில மாதங்களும் வாழ்ந்த மணி என்னும் நாய், தன் கடைசிப் பதினொரு மாதங்களைச் சிறுநீரக நோயோடும் மூட்டு வலியோடும் கழித்தது. அந்தப் பதினொரு மாதங்களே எனக்குப் பாடசாலை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டில் பெயர்பெற்ற குலங்கள் எதிலும் சேராத, தெருவில் பிறந்து எங்கள் திண்ணைக்கு வந்துசேர்ந்த செந்நிற நாய் அது. இலக்கணப்படி நாய் அஃறிணையே. ஆயினும் உவப்பின் காரணமாகத் திணை மயங்கிப் பேசலாம் என்று நன்னூலார் இடங்கொடுத்திருப்பதால், இனி மணியை 'அவன்' என்றே சொல்லப்போகிறேன். புலவர்கள் யாரேனும் அவையில் இருந்தால் பொறுத்தருள்க.

நாயின் வீரத்துக்கு இந்நாட்டில் மரியாதை குறைந்ததில்லை. திருவண்ணாமலைப் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டபோது, கோவிவன் என்று பெயர்கொண்ட நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற செய்தி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வீரனுடைய உருவத்தோடு அந்த நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரைக் கல்லில் வெட்டி, ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் படிக்கும்படி வைத்துப்போன அந்தச் சிற்பியை எண்ணி நான் வியப்பதுண்டு. ஆனால் கோவிவன் தன் எசமானோடு தப்பிப் பிழைத்து, பல் தேய்ந்து, பின்னங்கால் தளர்ந்து, நள்ளிரவில் காரணம் தெரியாமல் ஊளையிடும் கிழ நாயாக ஆகியிருந்தால், அவனுக்குச் சோறிட்டவர் யார், எப்படி இட்டார் என்பதைக் கல்லில் எழுத யாருக்கும் தோன்றியிராது. அது பின்கட்டில் நடக்கும் காரியம். அந்தப் பின்கட்டுக் காரியத்தைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

சோற்றுப் பானையின் மூடி நகரும் ஓசை கேட்டால் எந்த மூலையில் உறங்கினாலும் எழுந்து வருகிறவன் மணி. ஒரு புரட்டாசி மாலையும் அப்படியே வந்தான். கிண்ணத்தின்மேல் குனிந்து முகர்ந்தான். நாவினால் தன் உதட்டை இரண்டு முறை நக்கிக்கொண்டான். எதையோ விழுங்குவதுபோலத் தொண்டை அசைந்தது. பிறகு தலையை ஒருபுறமாகத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ப் படுத்துவிட்டான். சற்றுப் பொறுத்து மீண்டும் வந்தான், முகர்ந்தான், போனான். மூன்றாம் முறை வந்தபோது கிண்ணத்தைப் பாராமல் என் முகத்தைப் பார்த்தான்.

"வயசாயிடுச்சுடா, வேண்டாம்னா விட்டுடு" என்றார் என் தாயார். "கொஞ்சம் நெய் விட்டுப் பிசைஞ்சு வைங்க" என்றாள் என் மனைவி. இருவர் சொல்லிலும் அன்பு இருந்தது. இருவர் சொல்லும் பிழையாயின. நானோ மனைவியின் சொல்லையே மேற்கொண்டு நெய் விட்டேன். மறுநாள் ஆட்டு ஈரல் வாங்கி வந்தேன். அதற்கு மறுநாள் பாலில் பிஸ்கோத்தை ஊறவைத்தேன். ஒவ்வொன்றையும் முதல் வேளை இரண்டு வாய் உண்டான், இரண்டாம் வேளை மறுத்தான். நான்காம் நாள் விடியற்காலையில் மஞ்சள் நிற நுரையை வாந்தியெடுத்தான். அன்றுதான் வைத்தியரிடம் போனோம். மூன்று நாளை வீணாக்கினேன்.

அந்த வைத்தியர் நெய்யைப் பற்றியோ ஈரலைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. மணியின் மேலுதட்டைத் தூக்கி ஈற்றின் நிறத்தைப் பார்த்தார். பின்பற்களை ஒவ்வொன்றாக நோக்கினார். வாயருகே தம் மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். பிடரித் தோலை இழுத்துவிட்டு அது எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று கவனித்தார். பிறகு, "தண்ணி ரொம்பக் குடிக்கிறானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆம், சில மாதங்களாகவே குடித்துக்கொண்டிருந்தான். வெயிலின் கொடுமை என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு உயர்ந்திருந்தது. அந்த அளவு உயர்ந்து தென்படும் நாளில், சிறுநீரகங்களின் வேலைத்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏற்கெனவே போய்விட்டிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இந்நோயை நான்கு நிலைகளாக வகுத்திருக்கிறார்கள்; மணி மூன்றாவதில் நின்றான்.

இனி, உண்ணாமையின் வகைகளைச் சற்று விரிவாகப் பார்ப்போம். விஷயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அருசி, அரோசகம், அன்னத்துவேஷம் என்று நம் பழைய வைத்தியத்தில் சொற்கள் பல வழங்குகின்றன. அவற்றின் சாஸ்திர லட்சணங்களை ஆராயப் புகாமல், பாமரனாகிய என் வசதிக்கு மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். பசியே எழாமை ஒன்று. பசி எழுந்தும், உணவின் மணம் பட்டவுடன் குமட்டல் மேலிட்டுப் பின்வாங்குதல் மற்றொன்று. பசியும் விருப்பமும் குறைவறவே இருந்தும், பல்வலியாலோ வாய்ப்புண்ணாலோ கழுத்து வலியாலோ உண்ண மாட்டாமை மூன்றாவது. இம்மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: கிண்ணம் நிறைந்திருக்கும், நாய் விலகியிருக்கும். ஆனால் மூன்றாவது வகை நாய் ஆவலோடு வாயில் கவ்வி, கீழே நழுவவிட்டு, மீண்டும் கவ்வும். ஒரு பக்கமாகவே மெல்லும். சில சமயம் மெல்லும்போதே 'வீல்' என்று கத்தும். இரண்டாவது வகை நாய் மணி செய்ததைச் செய்யும்: வந்து முகரும், உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும், தலையைத் திருப்பும். அந்த உதட்டு நக்கலை நான் ருசியின் அடையாளம் என்று நினைத்தேன். அது குமட்டலின் அடையாளம்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் இரத்தத்திலே தங்கிவிடும்போது, அவை மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தை உறுத்துகின்றன, இரைப்பையைப் புண்ணாக்குகின்றன, நாவின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் கொப்புளம் எழுப்புகின்றன, மூச்சில் அமோனியாவின் நெடி வீசுகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ்ஸின் கடைசி இருக்கையில் அமர்ந்து, தலைசுற்றி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிற ஒருவர் முன்னே நெய் மணக்கும் வெண்பொங்கலை நீட்டினால் அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ, அதையே மணியும் என்னைப் பற்றி அந்த மூன்று நாளும் நினைத்திருப்பான். பொங்கல் சுவையற்றது என்பதா அதற்குப் பொருள்? பஸ் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மணிக்கு வைத்தியர் முதலில் செய்ததும் அதுவே. தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினார். குமட்டலை அடக்கும் மாரோபிடன்ட் என்னும் ஊசியைப் போட்டார். "இன்னைக்குச் சாப்பாட்டை அவன் முன்னாடியே காட்டாதீங்க, நாளைக் காலைல பாப்போம்" என்றார். மறுநாள் காலையில் பானை மூடியின் ஓசை கேட்டு வந்தவன், வெறும் குழைந்த சோற்றை, நெய்யுமின்றி ஈரலுமின்றி, ஒரு கைப்பிடி உண்டான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் ஒரு பெரும் பிழை செய்தேன் என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்ள வேண்டும். கசப்பான மாத்திரை ஒன்றைத் தினம் இருவேளை கொடுக்கும்படி ஆயிற்று. மணிக்குக் குட்டிப் பருவத்திலிருந்தே தயிர்ச் சோறு என்றால் உயிர். அந்தத் தயிர்ச் சோற்றிலே மாத்திரையைப் பொடித்துக் கலந்தேன். நான்கு நாள் ஏமாந்தான். ஐந்தாம் நாள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டான். மாத்திரை கலவாத சுத்தமான தயிர்ச் சோற்றை அதன்பின் எத்தனையோ முறை வைத்துப் பார்த்தோம். தன் ஆயுள் முடியுமட்டும் அவன் அதைத் தொடவில்லை. உடம்பு சங்கடப்படும் வேளையில் உண்ட உணவையே அந்தச் சங்கடத்துக்குக் காரணமாகப் பிராணியின் மனம் பதித்துக்கொள்கிறது. பதிந்தது எளிதில் அழியாது. ஆகவே அன்றாட உணவில் ஒருபோதும் மருந்தைக் கலக்கலாகாது. பின்னாளில் நாங்கள் கண்ட வழி இது: இட்லியிலிருந்து நெல்லிக்காயளவு மூன்று துண்டுகள் கிள்ளிக்கொள்வோம், முதல் துண்டு வெறுமனே, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது மீண்டும் வெறுமனே, இதையும் அவன் உண்ணும் இடத்தில் கொடுக்காமல் வாசல் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்போம். மூன்றாம் துண்டின் அவசரத்தில் இரண்டாவதை ஆராய அவனுக்கு நேரம் இராது.

வாயைப் பிளந்து ஊட்டுவதும் இப்படிப்பட்ட அன்புப் பிழைகளுள் ஒன்று. குழந்தைக்குப் பாலாடையால் புகட்டிப் பழகிய கைகளுக்குப் படுத்திருக்கும் நாயின் வாயில் கஞ்சியை ஊற்றுவது தர்மமாகவே தோன்றும். தளர்ந்த நாய்க்கு விழுங்கும் சக்தி குறைவு. கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா வரும். விரல் நுனியில் சிறிது தடவி நீட்டுவது வேறு, பலவந்தம் வேறு. கையிலிருந்து நக்கினால் நக்கட்டும். மறுத்தால் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் கவலையோடு குனிந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கு உள்ள கொஞ்ச நஞ்சப் பசியும் போய்விடும். உணவை வைத்துவிட்டு அப்பால் போய் ஏதேனும் வேலை பார்ப்பது உத்தமம். இருபது நிமிஷத்தில் உண்ணாவிட்டால் எடுத்துவிட வேண்டும். நாள் முழுவதும் கண்முன் கிடந்து புளித்துப்போகும் சோறு குமட்டலுக்கு உறவு.

மனிதனுடைய நாவில் ஏறத்தாழ 9,000 சுவையரும்புகள் இருக்க, நாயின் நாவில் சுமார் 1,700-தான் என்கிறார்கள். அது குறை அன்று. நாய் மூக்கினால் உண்ணும் பிராணி. முதுமையில் அந்த மூக்கும் மங்குகிறது. ஆதலால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உணவை அப்படியே வைப்பது, காது மந்தமானவரிடம் இரகசியம் பேசுவதற்கு ஒப்பாகும். நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. உணவும் அந்த இளஞ்சூட்டில் இருந்தால் மணம் எழுந்து அதன் மூக்கை எட்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், குழந்தையின் பாலுக்குப் பார்ப்பதுபோல. வெங்காயமும் பூண்டும் உப்பும் சேராத கோழி எலும்புச் சாற்றை இரண்டு கரண்டி விட்டால், அந்த மணமே பாதி வேலையைச் செய்துவிடும். எலும்பை மட்டும் வடிகட்டிவிட வேண்டும்.

உண்கலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுத் தரை வழுவழுப்பான டைல்ஸ் பதித்தது. மணியின் எவர்சில்வர் கிண்ணம், அவன் நக்க நக்கத் தரையில் நகர்ந்துகொண்டே போகும். நடுங்கும் கால்களோடு அவனும் அதன் பின்னாலேயே போவான். சுவர் வந்து தடுத்த பிறகே நிம்மதியாக உண்பான். சுவர்வரை போகும் சக்தி இல்லாத நாட்களில் பாதியில் நின்றுவிடுவான். 'இன்று பசி குறைவு' என்று நாங்கள் எழுதி வைத்துக்கொள்வோம்! ஒரு ஈரத்துணியை மடித்துக் கிண்ணத்தின் அடியில் போட்டால் தீர்ந்திருக்கவேண்டிய விஷயம் அது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பின்னர் ஆழமான கிண்ணத்தையே விலக்கி, ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்த மரப்பெட்டியின்மேல் வைத்தோம். கழுத்தைத் தாழ்த்தாமல் நின்றபடியே உண்டான். மார்பு அகன்று ஆழ்ந்த பெரிய ஜாதி நாய்களுக்கு உண்கலத்தை உயர்த்துவதில் வயிறு உப்பும் அபாயம் உண்டா என்பதில் அபிப்பிராய பேதம் இருப்பதால், அத்தகைய நாயுடையவர்கள் வைத்தியரைக் கேட்டுச் செய்வது நல்லது.

பத்தியத்துக்கு வருவோம். திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. மூலிகைகளின் பெயரை நாடி அதைத் திறப்பவர் ஒன்றையும் காணார். பெரும்பகுதியும் உண்ணும் முறையைப் பற்றியதே. நாய்களின் உலகில், உணவே மருந்து என்னும் இந்த எண்ணம் உருப்பெற்ற கதை சுவையானது. கண்பார்வை இழந்தோருக்கு வழிகாட்டும் நாய்களை அமெரிக்காவில் பிரசித்தமாக்கிய மாரிஸ் பிராங்க் என்பவர், தாம் அடுத்தடுத்து வைத்திருந்த நாய்களுக்கெல்லாம் தோழன் என்னும் பொருளில் 'பட்டி' என்றே பெயரிட்டார். நம் எழுத்தில் அப்பெயரை எழுதிப் பார்த்தால் அது மலையாளத்தில் நாயையே குறிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை! 1939-ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்று சிறுநீரக நோயால் வாடியபோது, மார்க் மாரிஸ் என்னும் கால்நடை மருத்துவர் அதற்கென ஓர் உணவைத் தம் கைப்பட ஆக்கிக் கொடுத்தார். கண்ணாடிச் சாடிகளில் அனுப்பினால் வழியில் உடைந்துபோகவே, அவரும் மனைவியுமாக வீட்டிலேயே தகர டப்பாக்களில் அடைத்து அனுப்பலானார்கள். தேவை பெருகி, 1948-இல் கான்சாஸ் மாநிலத்து ஹில் என்னும் தொழிலகம் அதனை ஏற்றுத் தயாரிக்கத் தொடங்கிற்று. இன்று வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் சிறுநீரகப் பத்திய உணவுகளுக்கெல்லாம் அந்த அடுக்களையே தாயகம்.

பாஸ்பரசைக் குறைப்பது, புரதத்தை மிதமாக்கி அதையும் உயர்ந்த தரத்தில் கொடுப்பது, உப்பை ஒடுக்குவது, மீன் எண்ணெய் சேர்ப்பது என்பன அப்பத்தியத்தின் சாரம். வீட்டில் சமைப்பவர்கள் முட்டையின் வெண்கருவில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, மஞ்சட்கருவில் மிகுதி என்பதை நினைவில் கொள்ளலாம். ஆனால் மிகச் சிறந்த பத்தியமும் தட்டிலேயே கிடந்தால் பத்தியம் ஆகாது. குமட்டல் தணியாத நாளில் புது உணவை அறிமுகப்படுத்தினால் அதற்கும் தயிர்ச் சோற்றின் கதியே நேரும்; உடம்பு சற்றுத் தேறிய பின், பழைய உணவோடு இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குவதே முறை. எப்படியும் ஏற்க மறுக்கும் நாய்க்கு, 'இது ஆகாது, அது ஆகாது' என்று பட்டினி போடுவதைவிட, ஆகக்கூடியவற்றுள் அது விரும்புவதைக் கொடுப்பது மேல் என்பதே வைத்தியர்களின் கருத்தும். நாளொன்றுக்கு இரண்டு பெரிய வேளைகளுக்குப் பதிலாக நான்கைந்து சிறு வேளைகள். தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்கக்கூடாது. வீட்டில் ஈரம் பண்ணுகிறதே என்று இரவில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரக நோயுடைய நாய்க்கு அது பெருந்தீங்கு.

நம் சமையலறையின் ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். வெங்காயமும் பூண்டும், பச்சையாயினும் வெந்ததாயினும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். எனவே சாம்பாரும் ரசமும் விலக்கு. பாயசத்து உலர்ந்த திராட்சை நல்ல சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடியது. திராட்சையில் அப்படி என்ன இருக்கிறது என்று நெடுங்காலம் தேடியவர்கள், அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே கேடு நேர்ந்ததை 2022-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. புளியின்றி ஒரு நாள் கழியாத நம் வீடுகளில் இதை அறிந்தவர் அரியர். பசியைத் தூண்டும் என்று கருவாட்டைக் காட்டுவோரும் உளர். மணம் தூண்டும், மெய்தான். அதிலுள்ள உப்போ இருதய நோயுள்ள கிழ நாயின் மூச்சை அடைக்கும்.

வலியைப் பற்றிப் பேசாமல் பசியைப் பற்றிப் பேசுவது அரைப் பேச்சு. நாய் வலியைச் சொல்லி அழுவதில்லை. எழுந்து வரத் தயங்கும், படியில் நின்று யோசிக்கும், வாலைத் தாழ்த்தும், உண்ண வராது. சோம்பல் என்று நாம் பெயர் வைக்கிறோம். அதற்காக வீட்டிலுள்ள மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடலாகாது. பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் டைக்ளோஃபினாக்கும் நமக்குத் துணை. நாய்க்கு ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அழிக்கும் வஸ்துக்கள். டைக்ளோஃபினாக் ஊசி போடப்பட்டு மாண்ட மாடுகளைத் தின்றே நம் நாட்டுப் பாறுகள் கூட்டங்கூட்டமாய் அழிந்தன என்பதும், 2006-இல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டதும் உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். நாய்க்கென்றே உள்ள வலி மருந்துகளும்கூடச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் மிகுந்த எச்சரிக்கையோடு, வைத்தியர் சொல்லும் அளவில்தான். மருந்தைத் தவிர நாம் செய்யக்கூடியவை எத்தனையோ. அடுக்களையிலிருந்து வாசல்வரை பழைய சாக்குகளை விரித்து ஒரு நடைபாதை போட்டோம். மூன்றாம் நாளே மணி முற்றத்துக்குத் தானாக வந்தான். வளர்ந்து வளைந்த நகங்களை வெட்டியதும் வழுக்கல் இன்னும் குறைந்தது. மார்கழிக் குளிரில் சிமெண்டுத் தரைமேல் கோரைப்பாய், அதன்மேல் பஞ்சு மெத்தை, அதன்மேல் என் தாயாரின் நைந்த நூல் புடவை. விட்டுடு என்று சொன்ன அதே தாயார்தான், எழ முடியாமல் போன கடைசி நாட்களில், முழங்கையில் படுக்கைப் புண் வராதபடி அவனை மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைத்தவர்.

இரவுகள் கடினமானவை. முதிய நாய்களில் சிலவற்றுக்கு மூளை தளர்ந்து பகலும் இரவும் தடுமாறிவிடும். சுவர் மூலையில் போய் நின்றுகொண்டு திரும்பத் தெரியாமல் விழிக்கும். சிறு விளக்கொன்று எரியட்டும். நாற்காலி மேசைகளை இடம் மாற்றாதீர்கள். திட்டாதீர்கள்.

பசியை எழுப்பவே மருந்துகள் உண்டா என்றால், உண்டு. இரைப்பையிலிருந்து புறப்பட்டு மூளைக்குப் பசியை அறிவிக்கும் கிரெலின் என்னும் சுரப்பை 1999-இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தார்கள். அதைப்போலவே நடித்துப் பசியை எழுப்பும் கேப்ரோமோரெலின் என்னும் மருந்துக்கு, நாய்களுக்காக, 2016-இல் அமெரிக்கா அனுமதி வழங்கிற்று. மிர்டாசபினும் அப்படி வழங்கப்படுவதுண்டு. ஆனால் குமட்டலும் வலியும் தீராமல் இவற்றைக் கொடுப்பது, உள்ளே தாழிட்ட கதவை வெளியிலிருந்து தள்ளுவதுதான்.

எவ்வளவு செய்தும் ஒரு நாள் வரும். அதை எப்படி அறிவது? ஆலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர், வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் மிகுதி என ஏழு விஷயங்களுக்குப் பத்துப் பத்து மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 35-க்கு மேலிருந்தால் தொடரலாம் என்று ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறார். எனக்குக் கணக்கு வராது. ஆகவே சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில், கிழிக்குமுன் ஒவ்வொரு தாளிலும் ஒரு குறி இட்டுவந்தேன்: தானாக எழுந்து வந்து உண்டால் வட்டம், இல்லையேல் பெருக்கல். கிழித்த தாள்களை ஒரு கம்பியில் குத்திவைத்தேன். ஆவணியில் பெருக்கல் குறிகள் தொடர்ந்து ஒன்பது. நேற்றைய வட்டத்தையே நினைவில் வைத்துக்கொண்டு நாளையை நம்பிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கம்பி பொய் சொல்லவில்லை. வைத்தியரை வீட்டுக்கே வரவழைத்தோம். அவர் இரண்டு ஊசி போட்டார், முதலாவது உறக்கத்துக்கு. மணி தன் சாக்குப் பாதையின் மேலேயே கிடந்தான். பத்து நிமிஷத்தில் முடிந்தது. அவர் அன்று கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

மூன்றாம் வரிசைப் பெரியவரே, உங்களுக்கு இப்போது விடை சொல்கிறேன். இரண்டு நாள் உண்ணாத பதின்மூன்று வயது நாய்க்கு என்ன கொடுக்கலாம் என்று இன்றிரவு யாரையும் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் விளக்கைப் பிடித்து மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்: ஈறு வெளுத்திருக்கிறதா, பல் ஆடுகிறதா, புண் இருக்கிறதா, நெடி வீசுகிறதா? தண்ணீர் எவ்வளவு குடித்தது, வாந்தி உண்டா, மலம் கறுத்திருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற நாயாயிருந்தால், உண்ணாதபோது வழக்கமான அளவைப் போடாமல் இப்பொழுதே வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துவரும் எடையையும் அந்தத் தாளில் குறியுங்கள். காலையில் கதவு திறக்கும்போதே வைத்தியரின் வாசலில் இருங்கள். பின்தொடைகளுக்கு அடியில் ஒரு கையும் மார்புக்கு அடியில் ஒரு கையுமாகத் தூக்கவேண்டும், வயிற்றை அழுத்தலாகாது. ஆட்டோக்காரர் நாயைக் கண்டு தயங்கினால் என் எண்ணைக் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்; மணியைக் கொண்டுபோன பழைய கார் இன்னும் ஓடுகிறது.